முப்பத்தொன்றாம் எலியின் எலும்பு

திலகா பதினோரு வருஷம் எலி கொன்றவள். வாய் தவறிச் சொன்னதல்ல, தோட்டத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலையே அதுதான். மலேசியாவில் மந்தின் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். எலிகள் செம்பனைப் பழத்தைக் குதறிவிடும் என்பதால், மெழுகில் பிடித்த மருந்துக் கட்டிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு, மரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்துக்கொண்டே போக வேண்டும். நாலைந்து நாள் கழித்து அதே வரிசையில் திரும்ப நடந்து, கடித்துப்போன இடத்தில் புதிது வைக்க வேண்டும். நூறு கட்டியில் இருபதைக்கூட எலி தொடவில்லை என்று ஆனால்தான் வேலையை மேய்க்கிற மண்டோர் போதும் என்பார். அதுவரைக்கும் நடைதான். வரிசையில் செத்துக் கிடக்கிறதைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பாவம் புண்ணியம் பார்க்கிறவள் அந்த வேலைக்கு ஆகமாட்டாள்.

பிறகு புருஷன் சந்திரனுக்கு உடம்புக்கு வந்தது. வேலையை விட்டாள். அவரும் போய்ச் சேர்ந்தார். தோட்டத்தில் பாதியை வீட்டு மனையாக்கிவிட்டார்கள். திலகா செண்டாயானில் ஒரு சின்ன வரிசை வீட்டில் வந்து ஒண்டினாள். பிள்ளை குட்டி கிடையாது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு வேலை கேட்டுப் போனாள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று.

அங்கே விலங்கறைக்குப் பொறுப்பு புவனேஸ்வரன், முப்பது வயதுக்காரன். எந்நேரமும் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பான். அதனால் தோட்டத்து ஆபீஸ் கணக்கரைச் சொல்வதுபோல, திலகா மனசுக்குள் அவனுக்குக் கிராணி என்று பெயர் வைத்தாள்.

“எலின்னா பயமா ஆன்ட்டி?” என்று கேட்டான் அவன்.

“எலிங்கதான் தம்பி என்னைக் கண்டு பயப்படணும்.”

அவன் சிரித்துவிட்டான். மறுநாளே வரச் சொன்னான். கொன்ற கையாலேயே சோறு போடு என்று விதி அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

நாற்பத்தெட்டு வெள்ளை எலிகள். எல்லாம் பெட்டை. கூண்டுக்கு ஒன்று, கூண்டுக்கு ஒரு நம்பர். தீனி நாலு பீப்பாயில் இருந்தது. வெள்ளை மூடி, மஞ்சள் மூடி, சிவப்பு மூடி, பச்சை மூடி. பார்வைக்கு நாலும் ஒரே மாதிரியான பழுப்பு உருண்டைகள்தான். பன்னிரண்டு எலிக்கு ஒரு பீப்பாய். எதில் என்ன கலந்திருக்கிறது என்று தீனி போடுகிறவளுக்குத் தெரியக் கூடாதாம், தெரிந்தால் கை ஒருபக்கம் சாயுமாம். திலகாவுக்கு முதலில் இது பெரிய கூத்தாகத் தெரிந்தது.

ஆராய்ச்சி செய்கிறவள் ஹசீனா பேகம். அம்பாங்கானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். படிப்பு தலைக்கு மேல் இருந்தும் குரல் உயர்த்தாதவள். முதல் நாளே திலகாவை நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

“அக்கா, நீங்க எது மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. இதுங்க வாய்க்குள்ள போறது ஒரு துளியா இருந்தாலும் எனக்குத் தெரியணும். தண்ணிகூட பைப் தண்ணி வேணாம், இந்த மெஷின் தண்ணிதான். இதுல உப்பு இல்ல, சுண்ணாம்பு இல்ல, ஒண்ணுமே இல்ல.”

“சரி டாக்டர்.”

சொன்ன சொல் தவறாமல்தான் இருந்தாள். காலை எட்டு மணிக்குத் தீனியை நிறுத்துப் போடுவாள். மிச்சத்தையும் நிறுப்பாள். புழுக்கையைத் தனியாக, மூத்திரத்தைத் தனியாகப் பிடித்து நம்பர் ஒட்டி வைப்பாள். உள்ளே போன கால்சியம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, உடம்பில் தங்கியது எவ்வளவு என்று ஹசீனா பேகம் பார்க்க வேண்டும், அதற்காக. வாரம் ஒருமுறை எடை. வேறு யாராவது தூக்கினால் கீச்சுக்கீச்சென்று கத்துகிற எலிகள் திலகா கையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். “வாங்க தாயி, ஏறுங்க,” என்பாள் தராசைக் காட்டி. தன் வாயால் எலியைத் தாயி என்று கூப்பிடுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

ஐந்தாவது வாரம் போலச் சிவப்பு மூடி எலிகளின் நடை மாறியது. இருபத்தைந்தாம் நம்பரிலிருந்து முப்பத்தாறு வரைக்கும். பின்னங்கால்களை இழுத்து இழுத்து வைத்தன. தீனிக்கு எழுந்து நிற்க யோசித்தன. திலகா தீனி நிறுப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். இந்த நடையை அவள் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்குத் தேநீர் நேரத்தில், வெளிப்படியில் உட்கார்ந்திருந்த ஹசீனா பேகத்திடம் கேட்டேவிட்டாள்.

“டாக்டர், சிவப்பு மூடிக்காரிங்களுக்கு என்ன ஆச்சு?”

ஹசீனா பேகம் களைத்துப் போயிருந்தாள். சொல்லக் கூடாததைக் களைப்பில் சொல்லிவிட்டாள். “அதுங்க சாப்பாட்டுல பாஸ்பரஸ் ரொம்ப ஜாஸ்திக்கா, கால்சியம் கொறைவு. ரெண்டும் ஒரு அளவோட இருந்தாத்தான் ஒடம்பு தாங்கும். பாஸ்பரஸ் ஏறிப்போச்சுன்னா, அதைச் சரிக்கட்ட ஒடம்பு எலும்புல இருக்கிற கால்சியத்தை எடுக்க ஆரம்பிச்சிடும். எடுத்ததாவது நல்ல எடத்துக்குப் போகுமான்னா, அதுவும் இல்ல. கிட்னியில போய் மணல் மாதிரி ஒக்காந்துடும். நான் சொன்னேன்னு புவனேஸ்கிட்ட சொல்லிடாதீங்க.”

பாஸ்பரஸ். அந்தச் சொல் திலகாவுக்குப் புதிதல்ல.

சந்திரன் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். நல்ல ஆகிருதி. சர்க்கரை வியாதி வந்து, அதை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் திரிந்து, கடைசியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் சிரம்பானில் இரத்தம் சுத்தம் செய்கிற இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, நர்ஸம்மா, தாளில் எழுதிக் கொடுத்தாள். டின் சார்டின் வேண்டாம், நெத்திலி வேண்டாம், கோலா வேண்டாம், பாஸ்பரஸ் கூடிவிடும். கூடவே ஒரு டப்பா வெள்ளை மாத்திரை. சோற்றோடு சேர்த்துக் கொடு, மூன்று வேளையும், என்றாள்.

நெத்திலியை அன்றோடு வீட்டில் நிறுத்தினாள் திலகா. கோலா வாங்கிக் குடித்தார் என்று தெரிந்து இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். ஆனால் அந்த மாத்திரையில் மட்டும் அவளுக்கு மிஸ்ஸியை நம்ப முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் எந்த மருந்தைக் கொடுத்தாலும் வெறும் வயிற்றில் குடி என்றுதான் சொல்வார். சோற்றோடு போனால் மருந்தின் சக்தியைச் சோறு தின்றுவிடும் என்பது லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இவ்வளவு நல்ல மாத்திரையை ஏன் வீணாக்க வேண்டும்? மூன்று வேளை மாத்திரையையும் சேர்த்து வைத்து, சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் ஆன பிறகு, படுக்கப் போகிற சமயத்தில், சுடுதண்ணீரோடு ஒரே தடவையாகக் கொடுப்பாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. சந்திரனும் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விழுங்குவார். அப்படி இரண்டரை வருஷம்.

இரத்தத்தில் பாஸ்பரஸ் இறங்கவேயில்லை. மிஸ்ஸி திட்டுவாள். மாத்திரை கொடுக்கிறேன் என்று இவள் சத்தியம் செய்வாள். சந்திரனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, எலும்புக்குள் குடைச்சல். நடை தளர்ந்து காலை இழுத்து வைத்தார். ஒரு சனிக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விழக்கூட இல்லை. எழுந்ததிலேயே முறிந்தது. படுத்தவர் பிறகு எழவில்லை. ஒரு மாதத்தில் முடிந்தது.

“டாக்டர், கிட்னி கெட்டவங்களுக்கு வெள்ளையா ஒரு மாத்திரை குடுப்பாங்களே. அது எதுக்கு?”

“அதுவும் கால்சியம்தான்க்கா, சுண்ணாம்பு வகை. வயித்துல சாப்பாட்டோட கலந்து, அதுல இருக்கிற பாஸ்பரஸை அங்கேயே புடிச்சு வெளிய தள்ளிடும். அதான் சாப்பிடும்போதே போடணும்பாங்க.”

“வெறும் வயித்துல போட்டா?”

“அங்க புடிக்கிறதுக்கு என்ன இருக்கு? வேஸ்ட்தான்லா.”

ஹசீனா பேகத்துக்குச் சந்திரனைப் பற்றி எதுவும் தெரியாது. அவள் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விட்டாள். திலகா அங்கேயே இருந்தாள். நாலு வருஷமாக அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது, அவரை நான் குறை வைக்காமல் பார்த்தேன் என்று. யார் வந்து துக்கம் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். அது போய்விட்டது. அன்றைக்கு மிச்ச வேலையை எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் முப்பத்தொன்றாம் நம்பர் கூண்டின் முன்னால் நின்றாள். மற்றவை மூலையில் சுருண்டு கிடந்தபோது, இந்த ஒன்று மட்டும் கம்பியை முன்கால்களால் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால் வழுக்கியது. மறுபடியும் பிடித்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்த மனுஷனை அவள் எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்.

அவள் வீட்டு அடுப்படியில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்குப் பப்பாளிக்காய் ஊறுகாய் போட்டுக் கொடுப்பவள் அவள். காய் மொறுமொறுவென்று இருக்க, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் காயை ஊறவைக்க வேண்டும். மலாய்க்காரர்களும் பலகாரத்துக்கு அதையே ஊற்றுவார்கள். தோட்டத்தில் பால் கக்குகிற பிள்ளைக்குக்கூட இரண்டு சொட்டு கொடுப்பதுண்டு. பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான்.

அதில் கொஞ்சத்தை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

தப்பென்று தெரியாமல் செய்தாள் என்று யாரும் அவளுக்காக வாதாட வேண்டாம். நன்றாகத் தெரியும். முதல் நாளே சொல்லிக்கொடுத்த ஒரே சட்டத்தை உடைக்கிறோம் என்று தெரிந்துதான், முப்பத்தொன்றாம் நம்பர் கூண்டில் மாட்டுகிற தண்ணீர்க் குழாயில் அதை ஊற்றினாள். தீனி போடுகிற நேரத்தில் மட்டும் அதை மாட்டுவாள். தின்று முடித்ததும் மெஷின் தண்ணீரை மாற்றிவிடுவாள். நாற்பத்தெட்டில் ஒன்றுதானே, ஒன்றே ஒன்று பிழைத்துப் போகட்டுமே என்று நினைத்தாள். காற்றுப்பட்டால் சுண்ணாம்புத் தெளிவின் மேல் வெள்ளையாக ஆடை படியும். புவனேஸ்வரன் கண்ணில் படுவதற்குள் அந்தக் குழாயைத் தனியாக வினிகர் போட்டுத் தேய்த்துவிடுவாள்.

எட்டாவது வாரம் முப்பத்தொன்றாம் எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. திலகா முகமூடிக்குள் அழுதாள். அழுதுவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தாள். அங்கே முப்பத்திரண்டு கால் இழுத்துக்கொண்டு தீனிக்கு வந்தது. அதன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பத்தாவது வாரம் எலும்பைப் படம் பிடித்தார்கள். சிவப்பு மூடி எலிகளில் மற்ற பதினொன்றின் எலும்பும் கரையான் அரித்த கட்டைபோலத் தெரிந்தது. முப்பத்தொன்றுடையது மட்டும் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. ஹசீனா பேகம் இரண்டாம் தடவையும் எடுத்தாள், மூன்றாம் தடவையும் எடுத்தாள். பிறகு நேராகத் திலகாவிடம் வந்தாள்.

“அக்கா, மறைக்காம சொல்லுங்க. தீனி மாறிப் போச்சா? வெள்ளை மூடியிலேருந்து இதுக்குப் போட்டுட்டீங்களா? போட்டிருந்தா பரவால்ல, நான் கோவிக்க மாட்டேன்.”

“இல்ல டாக்டர். தீனி மாறல.”

கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில்தான். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

புவனேஸ்வரன் எழுதி வைத்ததையெல்லாம் புரட்டிப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. புழுக்கை, மூத்திரக் கணக்கு மட்டும் சோதனைக்குப் போய் இன்னும் வரவில்லை. அப்படியானால் இந்த எலியின் உடம்பிலேயே ஏதோ விசேஷம் இருக்கிறது என்று ஆயிற்று. எவ்வளவு பாஸ்பரஸ் போனாலும் எலும்பை விட்டுக்கொடுக்காத உடம்பு. ஹசீனா பேகத்தின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் திலகா அதற்குமுன் பார்த்ததில்லை. அவளுக்கு வருஷக் கடைசியோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கிற மாதிரி எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்தது. இப்போது கோலாலம்பூரிலிருந்து தலைமை ஆட்கள் வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

பன்னிரண்டாவது வாரத்தோடு ஆராய்ச்சிக் கெடு முடிந்தது. நாற்பத்தேழு எலிகளையும் இரண்டு நாளில் முடித்தார்கள். வாயுப் பெட்டிக்குள் வைத்து மூடினால் தூங்குவதுபோலப் போய்விடும். கூண்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தது திலகாதான். ஆயிரக்கணக்கில் கொன்றவள்தானே என்று கல்லாக நிற்கப் பார்த்தாள். ஆனால் தோட்டத்தில் அவள் எந்த எலிக்கும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எந்த எலியும் அவள் உள்ளங்கையில் உட்கார்ந்து முகம் துடைத்ததில்லை. முப்பத்திரண்டைக் கொடுக்கும்போது, மன்னிச்சுக்க தாயி என்று மெதுவாகச் சொன்னாள்.

முப்பத்தொன்றை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஆண் எலியோடு சேர்த்துக் குட்டி எடுத்து, குட்டிகளுக்கும் இந்த விசேஷம் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறார்கள். அதுவரை அதே சிவப்பு மூடித் தீனிதான். ஆக, திலகா தினமும் சுண்ணாம்புத் தெளிவைக் கொண்டுவந்தே தீர வேண்டியிருந்தது. நிறுத்தினால் எலும்பு இறங்கிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஊற்றுகிற ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பொய். இருந்தாலும், எலி உயிரோடிருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமாதானமும் ஒரு செவ்வாய்க்கிழமை உடைந்தது. ஹசீனா பேகம் கணினியிலிருந்து தலையைத் தூக்கி, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னாள்.

“அக்கா, இது எலியோட நிக்கிற விஷயம் இல்ல. மனுஷங்கள்லயும் இந்த மாதிரி ஒடம்பு உள்ளவங்க இருக்கலாம். கிட்னி போனவங்க எல்லாரும் சாப்பாட்டோட அத்தனை மாத்திரை முழுங்குறாங்கள்ல. சில பேருக்கு அது தேவையே இல்லாம இருக்கலாம். ரத்தத்தைப் பாத்து, ஒங்களுக்கு வேணாம்னு சொல்லிடலாம். இன்னும் நெறைய பாக்கணும். ஆனா ஆரம்பம் இதுலேருந்துதான்.”

திலகா கையிலிருந்த குழாயைத் தொட்டியில் வைத்தாள். அவளுக்குச் சிரம்பானில் இரத்தம் சுத்தம் செய்கிற இடத்து நீல நாற்காலிகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் யாரோ ஒருவரிடம் மிஸ்ஸி சொல்கிறாள், உங்களுக்கு மாத்திரை வேண்டாம் என்று. அந்த ஆளும் நம்பிக்கொண்டு நெத்திலியைத் தின்கிறார். வீட்டில் அவருக்காக ஒருத்தி காத்திருக்கிறாள்.

சொன்னால் போகப்போவது தன் வேலை மட்டும் என்றால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பாள். சொன்னால் ஹசீனா பேகத்தின் வேலையும் போகும். அதைவிட, சொன்னால் அந்த எலியை உயிரோடு வைத்திருக்க யாருக்கும் காரணம் இருக்காது. அவள் பொய்யில்தான் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் எலி பிழைக்கும், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய இடுப்பெலும்பு முறியும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. முன்னே தெரியாமல் செய்தேன், இப்போது தெரிந்தே செய்வேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. தைரியம்தான் வரவில்லை.

வியாழக்கிழமை காலை, கோலாலம்பூர் ஆட்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால், அந்தச் சின்னப் புட்டியைக் கொண்டுபோய் ஹசீனா பேகத்தின் மேஜையில் வைத்தாள்.

“என்னக்கா இது?”

“சுண்ணாம்புத் தண்ணி டாக்டர். ஊறுகாய்க்குப் போடுவோமே, அது. முப்பத்தொண்ணுக்கு நான்தான் குடுத்துக்கிட்டு வர்றேன். ஆறாவது வாரத்துலேருந்து.”

ஹசீனா பேகம் புட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “யா அல்லாஹ்,” என்றாள், சத்தமே இல்லாமல். பிறகு, “நான் ஒங்களைக் கேட்டேன்லக்கா. நேரா வந்து கேட்டேன்ல.”

“தீனியத்தான் கேட்டீங்க. தண்ணியக் கேக்கல.” சொன்ன உடனேயே திலகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “தப்பு டாக்டர். நான் பேசுனது தப்பு. கேக்காட்டியும் சொல்லியிருக்கணும்.”

“வெளிய போங்க. கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னால நிக்காதீங்க.”

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். அழுதிருந்தாள். கோலாலம்பூருக்குப் பேசிவிட்டாளாம், திங்கட்கிழமை யாரும் வரவில்லையாம். புவனேஸ்வரன் பக்கத்தில் தாளோடு உட்கார்ந்திருந்தான், திலகாவை நிமிர்ந்து பார்க்காமல். ஹசீனா பேகம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுண்ணாம்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை தடவை, எத்தனை நாள். திலகா எதையும் மறைக்கவில்லை.

“நாள் பூரா வைக்காம, சாப்பிடுற நேரத்துல மட்டும் ஏன் வச்சீங்க?”

“நீங்கதான டாக்டர் சொன்னீங்க. சாப்பாட்டோட போனாத்தான் புடிக்கும்னு.”

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. சந்திரன், மிஸ்ஸி, வெள்ளை மாத்திரை, படுக்கைக்குப் போகுமுன் சுடுதண்ணீர், பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் வந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாதது. புவனேஸ்வரன் பேனாவை மூடி வைத்துவிட்டான். ஹசீனா பேகத்தின் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குமேல் அவளால் கோபமாகப் பேச முடியவில்லை.

கடைசியில் எலிக்கு வந்தார்கள்.

“நான் வீட்டுக்குக் கொண்டு போயிடுறேன் தம்பி. கூண்டு வாங்கி வச்சுப் பாத்துக்குறேன்.”

“முடியாது ஆன்ட்டி. லேப்ல இருந்தது எதுவும் வெளிய போகக் கூடாது. ரூல்.” அவன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நாளையிலேருந்து நீங்களும் உள்ள வர முடியாது. மேல முடிவு பண்ற வரைக்கும்.”

“அப்ப இன்னைக்கே முடிச்சிடுங்க. என் கையால வைக்கிறேன். வேற ஆளு புடிச்சா அது கத்தும்.”

ஹசீனா பேகம் தலையாட்டினாள். திலகா கூண்டைத் திறந்து, “வாங்க தாயி,” என்றாள். எலி வழக்கம்போலத் தராசுக்குத்தான் என்று நினைத்து அவள் கையில் ஏறிக்கொண்டது. நன்றாக, நான்கு காலும் ஊன்றி ஏறியது. அவள் அதைப் பெட்டிக்குள் வைத்து, மூடியை மூடி, அது படுக்கும்வரை கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

தொடை எலும்பை எடுத்து அழுத்திப் பார்க்கிற இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தது. இந்த எலியின் கணக்கு இனி எந்தக் கட்டுரையிலும் சேராது. இருந்தும் ஹசீனா பேகம் அதை வைத்தாள், திலகாவைப் பார்க்கவும் விட்டாள். மற்ற சிவப்பு மூடி எலிகள் பதினொன்றின் எலும்பும் இதில் முள் ஐம்பதைத் தாண்டுவதற்குள் முறிந்தவை. இதற்கு முள் ஐம்பதைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது, தொண்ணூற்று மூன்றில்தான் டக்கென்று சத்தம் கேட்டது. நல்ல தீனி தின்ற எலிகளுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்திருந்தது.

திலகா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கும் நான் சோத்தோட குடுத்திருந்தா, இடுப்பு ஒடைஞ்சிருக்காதுல்ல டாக்டர்?”

ஆமாம் என்று சொன்னால் அவள் செத்துவிடுவாள், இல்லை என்று சொன்னால் அது பொய். ஹசீனா பேகம் கையுறையைக் கழற்றினாள். கழற்றுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

“தெரியாதுக்கா. அவருக்கு சர்க்கரை இருந்துச்சு, கிட்னி ரெண்டும் போயிருந்துச்சு. ஒரே ஒரு எலியை வச்சுக்கிட்டு எதுவும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லப் போய்த்தான இன்னைக்கு இவ்வளவும் ஆச்சு.”

திலகா முறிந்த எலும்பின் இரண்டு துண்டுகளையும் தட்டில் எடுத்து வைத்தாள்.

“நீங்க படிச்சவங்க, ஒங்களால சொல்ல முடியாது டாக்டர்,” என்றாள். “எனக்குத் தெரிஞ்சு போச்சு.”